யோனா ஓவியங்களைப் பார்ப்பது எப்படி? மீனை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்

வேதாகமத்துத் தீர்க்கதரிசி யோனா என்றதும் எல்லாருக்கும் மீன்தான் ஞாபகம் வரும். சண்டே ஸ்கூல் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் நீலத் திமிங்கலம் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும், அதன் வயிற்றுக்குள் தாடிக்காரர் ஒருவர் முழங்காலிட்டிருப்பார், அதோடு கதை முடிந்தது. ஆனால் இந்த ஒரு மனிதரை 1,700 ஆண்டுகளுக்கும் மேலாக ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலும், இத்தாலியத் தேவாலயத் தரையிலும், கலிலேயாவில் ஒரு யூத ஜெப ஆலயத்திலும், ஈரானிய ஏடுகளிலும், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையிலும் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். பழைய ஓவியங்களைப் பார்க்கப் பழக வேண்டும், ஆனால் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு யோனாவைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. கதை சின்னது, முக்கியமான ஆள் ஒருத்தர், பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் மிச்சக் கவனத்தையெல்லாம் ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்பதில் வைக்கலாம்.

கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. முஸ்லிம் வாசகர்களுக்கு இவர் யூனுஸ் நபி, யூதர்களுக்குப் பாவநிவாரண நாள் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படும் புத்தகத்தின் ஆள். நீங்கள் இவர்களில் யாரும் இல்லை என்றாலும் சரி, ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. கதையைப் படியுங்கள், குறிப்பாக நாலாவது அதிகாரத்தை

மொத்தம் நாலே அதிகாரம், 48 வசனம். ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம், ஆனாலும் பெரும்பாலானோர் படிப்பதில்லை, ஏனென்றால் கதை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். தெரிந்தது பாதிதான்.

நினிவேக்குப் போ என்கிறார் கடவுள். யோனா நேர் எதிர்த் திசையில், யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகிற கப்பலைப் பிடிக்கிறார். புயல் அடிக்கிறது, கப்பல்காரர்கள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள், இவர் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்குகிறார். சீட்டுப் போட்டால் இவர் பெயர் விழுகிறது, என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று இவரே சொல்கிறார். அப்புறம் மீன், மூன்று நாள், ஜெபம், கரை. நினிவேயில் போய், இன்னும் 40 நாளில் இந்த ஊர் கவிழ்ந்துபோகும் என்கிறார், ஊரே மனம் திரும்புகிறது, ஆடுமாடுகள் மேல்கூடத் துக்கத்துக்கான சாக்குத்துணியைப் போர்த்துகிறார்கள், கடவுளும் மனமிரங்கி அழிக்காமல் விடுகிறார்.

சண்டே ஸ்கூல் படம் இங்கே முடிந்துவிடும். நாலாம் அதிகாரத்தில் யோனாவுக்குக் கோபம் வருகிறது. சொன்னது நடக்கவில்லையே என்று ஊருக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்துகொள்கிறார். நிழலுக்கு ஒரு செடி முளைக்கிறது, சந்தோஷப்படுகிறார். மறுநாள் விடியும்போது பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது, அனல்காற்று வீசுகிறது, செத்தால் தேவலை என்கிறார். இந்தச் செடிக்காகப் பரிதாபப்படுகிறாயே, ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரும் அத்தனை மிருகங்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்பது இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2. ஒரே ஒரு தொகுப்பில் தொடங்குங்கள்

படங்களைத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும், அதில் பாதி கணினி நேற்று உண்டாக்கியது. அந்தப் பக்கமே போக வேண்டாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்துக்குப் போய் 'ஜோனா மார்பிள்ஸ்' என்பதை ஆங்கில எழுத்தில் தேடுங்கள். 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த வெண்பளிங்குச் சிலைகள், இன்றைய துருக்கிப் பகுதியில் செதுக்கப்பட்டவை. மொத்தம் 11 உருப்படி: யோனா நான்கு, ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பர் ஒன்று, ஆணும் பெண்ணுமாக மூன்று ஜோடி மார்பளவுச் சிலைகள். யோனா சிலை பெரியதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம், முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். 2019 முதல் அந்த அருங்காட்சியகம், பதிப்புரிமை இல்லாத தன் படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது, அதனால் பெரிய அளவில் இறக்கிக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் விழுங்கும் சிலையை எடுங்கள். மிருகத்தின் வாயிலிருந்து இரண்டு கால்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, தலையும் உடம்பும் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன. யோனாவின் முகமே இல்லை. இப்போது உமிழும் சிலை: அதே மிருகம், ஆனால் இந்த முறை வெளியே வருவது தலையும் மார்பும் விரித்த கைகளும், தாடி, நீள முடி. கால் போகிறது, கை வருகிறது. சிற்பி கதையை இந்த ஒரு எதிர்மாற்றத்தில் சொல்லி முடித்துவிட்டார்! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து பாருங்கள். அழகாக வர வேண்டாம், குப்பையில் போட்டாலும் பரவாயில்லை. வால் எங்கே சுருள்கிறது, கழுத்து எங்கே திரும்புகிறது என்பது கை ஓடினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

3. எந்த நொடி என்று கேளுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இந்த ஒரு படியே போதும், மற்றதெல்லாம் இதற்குத் துணை. ஒரு காட்சியில் பெரும்பாலும் ஒரு நொடியைத்தான் பிடிக்க முடியும். கப்பலிலிருந்து எறிவது, விழுங்குவது, வயிற்றுக்குள் ஜெபம், கரையில் உமிழ்வது, நினிவேயில் பிரசங்கம், செடி நிழல் என்று ஆறேழு நொடிகள் இருக்க, இந்த ஓவியர் ஏன் இதை எடுத்தார்?

ரோமாபுரிக் கல்லறைச் சுவர்களில் திரும்பத் திரும்ப வருவது மூன்று: எறிவது, உமிழ்வது, செடியின் கீழ் படுத்திருப்பது. பிரசங்கம் அபூர்வம். தீர்க்கதரிசி என்றால் பிரசங்கிப்பவர், ஆனால் அந்த வேலையைச் செய்கிற காட்சியை விட்டுவிட்டார்கள். காரணம் ஏழாவது படியில் வரும்.

நொடியை மட்டும் பார்த்து ஒப்பிட இன்னொன்று. கலிலேயாவில் ஹுக்கோக் என்ற இடத்தில் 5-ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத் தரையை அகழ்ந்தபோது, 2017-இல் ஒரு யோனா மொசைக், அதாவது சிறு கற்களைப் பதித்துச் செய்த படம், கிடைத்தது. அதில் எறிந்து முடித்தாகிவிட்டது, யோனாவின் கால்கள் மட்டும் ஒரு மீனின் வாயிலிருந்து தொங்குகின்றன. அந்த மீனை அதைவிடப் பெரிய மீன் விழுங்குகிறது, அதை இன்னும் பெரிய மீன் ஒன்று விழுங்குகிறது. வேதப் புத்தகத்தில் மூன்று மீன் கிடையாது. செய்தவருக்குக் குறும்பு அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, தொழுகைக்கு வந்த குழந்தைகள் அந்த மூலையை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார்கள்.

4. இப்போது மீனைப் பாருங்கள்

தமிழ் வேதாகமம் 'பெரிய மீன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. திமிங்கலம் நம் மனதில் பிறகு வந்து ஒட்டியது. ஆரம்பகாலக் கிறிஸ்தவப் படங்களில் இருப்பது மீனும் இல்லை, திமிங்கலமும் இல்லை. நாய் மாதிரித் தலை, நிமிர்ந்த காது, முன்னங்கால் இரண்டு, பாம்பாகச் சுருண்ட வால். கிரேக்க ரோமப் பட்டறைகளில் கடல் அரக்கன் என்றால் இதுதான் அச்சு. கிரேக்கக் கதையில் இளவரசி ஆந்திரோமேதாவைத் தின்ன வந்த மிருகத்துக்கும் இதே உருவம். புது மதத்துக்காரர் வந்து யோனா வேண்டும் என்று கேட்டதும் கையில் இருந்த மாதிரியை எடுத்து இதில் வைத்துவிட்டார்கள். எனவே அந்தச் சுருள் வாலைக் கண்டால் பெரும்பாலும் பழைய மத்தியதரைக்கடல் வேலை என்று துணிந்து சொல்லலாம்.

ஈரானுக்குப் போனால் மிருகம் மாறிவிடும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 1400-ஐச் சேர்ந்த ஒரு பெரிய ஏட்டுப் பக்கம் இருக்கிறது, ரஷீதுத்தீனின் உலக வரலாற்றுப் பிரதி ஒன்றிலிருந்து வந்தது. அதில் அரக்கன் இல்லை, செதில் செதிலாக வரைந்த கெண்டை மீன். சீன ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கை அது.

5. ஆளைப் பாருங்கள்

கல்லறைச் சுவர்களில் யோனா பெரும்பாலும் தாடியில்லாத இளைஞர், உடம்பில் துணி இல்லை. கிளீவ்லாந்தில் தாடி உண்டு. பைசாந்திய ஓவியங்களிலும் இடைக்கால ஐரோப்பாவிலும் வழுக்கைத் தலையோடு வருவார். வயிற்றின் சூட்டில் உடையும் முடியும் போய்விட்டன என்று யூத மரபில் ஒரு கதை உண்டு, அது படங்களுக்குள்ளும் இறங்கிவிட்டது. ஈரானியப் பக்கத்தில் வானதூதர் ஒருவர் உடையை நீட்டுகிறார். ஆக, பெயர்ப்பலகையை வாசிப்பதற்கு முன் முடி, தாடி, துணி இந்த மூன்றையும் பார்த்து எந்த ஊர், எந்தக் காலம் என்று நீங்களே ஊகித்துவிட்டு, பிறகு சரிபாருங்கள். தவறினால் குறைந்துவிட மாட்டீர்கள்.

6. செடியின் கீழ் என்ன நடக்கிறது?

நாலாம் அதிகாரத்தை மறக்க வேண்டாம் என்றேனே, அது இதற்காகத்தான். கதையில் செடியின் கீழ் இருப்பவர் கோபக்காரர், செத்துப்போகிறேன் என்கிறவர். கல்லறை ஓவியத்திலும் சவப்பெட்டிச் சிற்பத்திலும் இருப்பவரோ ஒரு கையைத் தலைக்கு மேல் மடக்கி, ஒரு காலை நீட்டி, சுகமாகச் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் மிருகம் இருந்தாலும் கவலையில்லை. மேலே பந்தலில் சுரைக்காய்கள் நீளநீளமாகத் தொங்குகின்றன. தமிழ் வேதாகமத்தில் ஆமணக்குச் செடி என்று படித்தவர்கள் ஆமணக்கைத் தேடி ஏமாற வேண்டாம், அந்தக் காலத்துப் படங்களில் சுரைக்கொடிதான்.

இந்தப் படுத்த உருவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கிரேக்கக் கதையில் எந்திமியோன் என்று ஓர் அழகன், முடிவில்லாத தூக்கத்தில் கிடப்பான், நிலாத்தேவி இரவில் வந்து பார்ப்பாள். பணக்கார ரோமர்கள் தங்கள் சவப்பெட்டிகளில் அவனை விரும்பிச் செதுக்கிக்கொண்டார்கள், சாவு என்பது இப்படியோர் இனிய தூக்கமாக இருக்கட்டும் என்று. அதே கை, அதே இடுப்பு வளைவு, அதே தூக்கம் யோனாவுக்கு வந்துவிட்டது. இணையத்தில் ரோமாபுரி சாந்தா மரியா அந்திக்குவா தேவாலயத்துச் சவப்பெட்டியையும் ஏதாவது ஓர் எந்திமியோன் சவப்பெட்டியையும் பக்கம் பக்கமாகத் திறந்து வையுங்கள், தோளையும் முழங்கையையும் மட்டும் ஒப்பிடுங்கள். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

புத்தகத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று சிலர் குறைபடுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்த பிள்ளையைப் புதைக்க வந்த தாய்க்குச் சுவரில் கோபக்கார யோனாவை வரைந்து காட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் கோபக்காரரை நேராக வரைந்தவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் ஆபிரகாம் வான் லிங்கே 1630களில் செய்த கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது, அதில் யோனா செடியின் கீழ் உட்கார்ந்து நினிவே நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கோபுரமும் வீடுமாக நகரம் விரிந்து கிடக்கிறது. தூங்கவில்லை, காத்திருக்கிறார். நாலாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு அந்தச் சன்னலைப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

ஈரானியப் பக்கத்தில் மீனிலிருந்து வெளிவரும் காட்சியிலேயே தலைக்கு மேல் சுரைக்கொடி இருக்கிறதே, வரிசை தப்பிவிட்டதோ என்று கேட்காதீர்கள். குர்ஆனின் 37-ஆம் அத்தியாயத்தில் வெறுங்கரையில் நோயுற்றவராக எறியப்பட்ட உடனேயே அவர்மேல் சுரைக்கொடி முளைக்கிறது, அதற்குப் பிறகுதான் ஒரு லட்சம் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ அனுப்பப்படுகிறார். ஓவியர் தன் வேதத்தை ஒழுங்காகப் படித்தவர். எந்த மரபின் படமோ அந்த மரபின் கதையைத்தான் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

7. படம் எங்கே இருந்தது?

அருங்காட்சியகச் சுவரில் பார்த்தாலும் முதலில் எங்கே வைப்பதற்காகச் செய்தது என்று கேட்டுவிடுங்கள். கல்லறை என்றால் பதில் பாதி கிடைத்த மாதிரி. மத்தேயு சுவிசேஷத்தில் (12:40) இயேசு, யோனா மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்ததுபோல் மனுஷகுமாரனும் (தன்னைத்தான் அப்படிச் சொல்கிறார்) பூமியின் இருதயத்தில் இருப்பார் என்கிறார். அன்றிலிருந்து யோனா என்றால் சாவுக்குள் போய்த் திரும்பி வந்தவர். கல்லறையில் பிரசங்கக் காட்சி ஏன் இல்லை என்பது இப்போது புரியும்.

இதையே அட்டவணை போட்டுச் சொன்ன வேலை ஒன்று உண்டு. வியன்னாவுக்குப் பக்கத்தில் குளோஸ்டர்நோய்புர்க் மடத்தில் வெர்துன் ஊர் நிக்கோலாஸ் 1181-இல் முடித்த எனாமல் பலகைகள். மூன்று வரிசை. நடு வரிசையில் இயேசுவை அடக்கம் செய்கிறார்கள், அதற்கு நேர் மேலே பழைய ஏற்பாட்டு யோசேப்பை அவன் அண்ணன்மார் குழியில் இறக்குகிறார்கள், நேர் கீழே யோனா மீனின் வாய்க்குள் போகிறார். மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் மூன்று பேரும் கீழே இறங்குகிறார்கள்.

தரையில் என்றால் வேறு கணக்கு. வட இத்தாலியில் அக்விலேயா பேராலயத்தில், ஆயர் தியோடோருஸ் காலத்தில், 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட மொசைக் தரை, பிற்காலத் தரைக்குக் கீழே மறைந்து கிடந்து 1909-இல் வெளியே வந்தது. கடல் முழுக்க மீன், கணவாய், வாத்து, படகில் சிறகு முளைத்த சிறுவர்கள் தூண்டில் போடுகிறார்கள், அதற்கு நடுவே யோனாவை எறிவதும் உமிழ்வதும் இளைப்பாறுவதும் நடக்கின்றன. யோனாவைத் தேட வேண்டியிருக்கும், அதுவே ஒரு சுகம்.

பிரசங்க மேடையிலும் உண்டு. தென் இத்தாலியில் ரவெல்லோ பேராலயத்தின் 12-ஆம் நூற்றாண்டு மேடையில் ஒரு பக்கம் விழுங்குகிற மிருகம், மறு பக்கம் உமிழ்கிற மிருகம், நடுவில் வாசிப்பவர் நிற்பார். போலந்தில் துஷ்னிக்கி ஊர்த் தேவாலயத்தில் 18-ஆம் நூற்றாண்டில் மேடையையே மீனாகச் செய்துவிட்டார்கள், பாதிரியார் பல் வரிசைக்கு நடுவே, திறந்த வாயில் நின்று பிரசங்கம் செய்ய வேண்டும். ரசனை என்று சொல்வேனா, தெரியாது, ஆனால் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

8. சிஸ்டைனைக் கடைசியில் வையுங்கள்

எல்லாரும் மைக்கேலாஞ்சலோவில்தான் தொடங்குவார்கள், நான் வேண்டாம் என்பேன். மற்றதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அவர் எதை விட்டார், எதை எடுத்தார் என்பது தெரியும். 1508-க்கும் 1512-க்கும் இடையில் வரைந்த கூரையில் ஏழு தீர்க்கதரிசிகள், அவர்களில் யோனாவுக்கு பலிபீடத்துக்கு நேர் மேலே இடம். மற்ற தீர்க்கதரிசிகளில் பெரும்பாலோர் கையில் புத்தகமும் சுருளுமாக இருக்க, இவர் வெறுங்கையோடு, வெறுங்காலோடு, பின்னால் சாய்ந்து மேலே அண்ணாந்து பார்க்கிறார். மேலே கடவுள் ஒளியையும் இருளையும் பிரித்துக்கொண்டிருக்கிறார். மீன் தொடைக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது, இவரை விழுங்கும் அளவுக்குப் பெரியதுகூட இல்லை. பின்னால் இலைகள். எந்த நொடி இது? மீனும் செடியும் ஒன்றாக இருப்பதால் எந்த ஒரு நொடியும் இல்லை, முழுக் கதையும் ஒரே உடம்பில் இருக்கிறது.

அந்தச் சாய்வைக் கவனியுங்கள். கூரை அந்த இடத்தில் நம்மை நோக்கி வளைந்து வருகிறது, உருவமோ பின்னால் போகிறது போல் தெரிகிறது. சுவர் முன்னால் வர, உடம்பு பின்னால் சாய, கண் சுவரை மறந்துவிடுகிறது. இதைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி அந்தக் காலத்திலேயே வியந்து எழுதியிருக்கிறார்.

நேரில் போகிறவர்களுக்குச் சில விஷயம். சிஸ்டைனில் படம் எடுக்க அனுமதி இல்லை, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கூரை ஏறத்தாழ 20 மீட்டர் உயரம், எனவே சின்ன பைனாகுலர் ஒன்று பையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கடன் கேட்பார்கள். பலிபீடத்துக்கு எதிர்ப்புறம் போய் நின்று திரும்பிப் பாருங்கள், அடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். அங்கேயே பியோ கிறிஸ்தியானோ பிரிவில் ஏறத்தாழ 300-ஐச் சேர்ந்த யோனா சவப்பெட்டி இருக்கிறது, சிஸ்டைனுக்கு ஓடும் கூட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை. நிலத்தடிக் கல்லறைகளுக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள், உள்ளே கேமராவும் கூடாது, வெயில் காலத்திலும் குளிரும், ஒரு மேல்சட்டை வேண்டும். யோனா எங்கே என்று வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வழியில் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அக்விலேயாவில் கண்ணாடி நடைபாதை மேல் நடந்தபடியே தரையைப் பார்க்கலாம். கூரை ஓவியங்களால் கழுத்து நொந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.